தொப்பூர் மேட்டில் ஹீட்டர்

கிருஷ்ணகிரி,
ஆனி 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று வாசித்துக் காட்டியதும், இவள் அடுத்த பஸ்ஸிலேயே ஈரோட்டுக்குக் கிளம்பிவிடுவாள் போலிருந்தது. மாங்காய் விலை கேட்டிருந்தாய். பெங்களூராவுக்குக் கூழ் ஆலைக்காரர்கள் சொல்லும் விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போகிறது. அதை எழுத உட்கார்ந்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். செந்தூரா ஒரு பெட்டி தனியாகப் பார்சலில் வருகிறது.

மாருதி 800ஐ இன்னும் தலைமுழுகவில்லையா என்று கேலி செய்துவிட்டு, கடைசி வரியில் உன் வண்டியும் கொதிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் என் கதையைக் கேள்.

சித்திரைக் கடைசியில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் மேட்டில் பாதி ஏறியிருப்போம், சூட்டைக் காட்டும் முள் நடுவிலிருந்து நகர ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கி உள்ளே தள்ளிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் ஹீட்டர் போட்ட மனிதனோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேனே என்று இவள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். ஆனாலும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டினேன். டீக்கடையிலிருந்து ஒருவர் குடத்தோடு ஓடிவந்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்தால் அத்தனையும் முகத்தில்தான். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினின் மேல் பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, செலவு எங்கேயோ போய்விடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, இரண்டு டீ குடித்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் விடியற்காலையில், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்தேன். செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர், அதுவும் அரை லிட்டர் குறைவு. முதல் பயம் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றித்தான்; ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகடு போனால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன், பால் ஊற்றிய டீ நிறம் இல்லை. ரேடியேட்டர் மூடியில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் தண்ணீரில் குமிழிகள் வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து ஃபேன். சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்ச்சின் இணைப்பைக் கழற்றி இரண்டு ஒயரையும் தொட வைத்ததும் ஃபேன் சீறிக்கொண்டு ஓடியது. மோட்டாரில் பழுதில்லை. சுவிட்ச்சும் பிறகு தானாகவே வேலை செய்தது. ஃபேன் மேல் பழி போட முடியாது என்பது தொப்பூரிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நகரத்து நெரிசலில் நின்றால் சூடாகி, ஓடினால் ஆறுகிறதென்றால் ஃபேன் கோளாறு. மேட்டிலும் வேகத்திலும் சூடாகிறதென்றால் தண்ணீர் ஓட்டத்தில் அல்லது ரேடியேட்டரில் கோளாறு. உன் வண்டி எப்போது கொதிக்கிறது என்பதை நீ எழுதவே இல்லையே! அதைத்தான் முதலில் கவனி.

எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தைத் தடவிப் பார்த்தேன். (ஃபேன் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது சுற்றும், விரல் போய்விடும்.) மேல் பாதி சுட்டது, கீழ் மூலையில் ஒரு கை அகலத்துக்குச் சில்லென்றிருந்தது. அங்கே தண்ணீர் போகவேயில்லை. பட்டறையில் கொடுத்து மேல் தொட்டியைப் பிரித்ததும் பார்த்தேன்: நம் வீட்டு வெந்நீர் அண்டாவுக்குள் படிந்திருக்குமே, அதே வெள்ளைக் காறை, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. பத்து வருடமாக நான் குழாயடியில் பிடித்து ஊற்றிய போர் தண்ணீரின் கைவண்ணம். நம் தலைமுறையின் பல்லில் ஃப்ளோரைடு கறையை ஏற்றிய அதே நிலத்தடி நீர். பல்லுக்கு ஃப்ளோரைடு, ரேடியேட்டருக்குச் சுண்ணாம்பு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்து விட்டது, வண்டிக்கு மட்டும் இன்னும் போர் தண்ணீரா என்று பட்டறைக்காரர் சிரித்தார். செம்பு ரேடியேட்டர் என்பதால் கம்பி விட்டு அடைப்பு எடுக்க முடிந்தது.

இன்னொரு கூத்து. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை! பல வருடங்களுக்கு முன் ஒரு மெக்கானிக், நம் வெயிலுக்கு இது எதற்கு என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார். மார்கழிக் காலையில் முள் அடியிலேயே கிடந்ததும் பெட்ரோல் அதிகம் குடித்ததும் அதனால்தான். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதியதை வாங்கிப் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். கொதி வருவதற்கு முன்பே மெல்ல வாய் திறந்தது. கடை வாசலிலேயே நம்பிவிடாதே, இப்படிச் சோதித்துவிட்டு மாட்டு. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது, அதையும் மாற்றினேன். இப்போது உள்ளே இருப்பது பாதி கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவம், பாதி பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர். கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். சிந்தியதை நாய் நக்காமல் மண் போட்டு அள்ளிவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே சேலம் போய்விட்டு அதே மேட்டில் ஏறினேன். ஏசி ஓடியது, முள் நடுவை விட்டு அசையவில்லை. உச்சியைத் தாண்டும்போது இவள் கேட்டாள்: "ஏங்க, ஹீட்டர் வேண்டாமா?"

மூட்டுவலிக்கு எண்ணெய் தடவுகிறாயா, இல்லையா? பதில் போடு. வண்டி நின்றால் கொதிக்கிறதா, ஓடினாலா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மாமன்