எடுத்த கால் வலிக்கும்னு முன்னாடியே சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல, கண்ணுல மாட்டிக்கிட்டா வேற ஒரு எடத்துல இருக்குற மாதிரியே காட்டுற வீஆர் ஹெட்செட் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். முக்காவாசி கேம் பத்திதான் இருந்துச்சு, ஆனா அத மாட்டிக்கிட்டா வேற ஒரு உடம்பு நம்ம உடம்பு மாதிரியே தெரியும்னு நடுவுல ஒரு வரி வந்துச்சு பாருங்க, அந்த வரிக்காகத்தான் இத எழுதுறேன்.

எங்கப்பாவுக்கு சுகர். ரெண்டு வருஷம் முன்னாடி இடது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ராத்திரி, பெருவிரல் மடங்கி இழுக்குது நிமித்தி விடுன்னு அம்மாவ எழுப்புறாரு. இல்லாத விரல என்ன பண்றதுன்னு தெரியாம அம்மா வெறும் பெட்ஷீட்ட நீவிக்கிட்டே அழுதாங்க. சொந்தத்துல ஒருத்தர் மந்திரிக்கச் சொன்னாரு. ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில இப்படி வரும்னு ஒரு வார்த்த யாரும் சொல்லல.

அப்புறமா நானே தேடித்தேடி படிச்சதுல தெரிஞ்சது, இது பைத்தியமும் இல்ல பிரமையும் இல்ல, கால் போனாலும் மூளைக்குள்ள அந்தக் காலுக்கான எடம் இருக்குறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க, ஆனா வலி நெஜம். எது நம்ம உடம்புன்னு மூளை கண்ணையும் தொடு உணர்ச்சியையும் சேத்து வச்சுதான் முடிவு பண்ணுது. 1998ல போட்வினிக், கோஹன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு ஆளோட கைய மறச்சு வச்சுட்டு எதிர்ல ரப்பர் கைய வச்சு ரெண்டையும் ஒரே நேரத்துல பிரஷ்ஷால தடவிருக்காங்க, கொஞ்ச நேரத்துல ரப்பர் கையே தன் கைன்னு தோண ஆரம்பிச்சிருச்சாம். 2010ல மெல் ஸ்லேட்டர் குழு வீஆர்ல ஆம்பளைங்கள ஒரு சின்னப் பொண்ணோட உடம்புக்குள்ள இருக்குற மாதிரி காட்டி, அந்தப் பொண்ண ஒருத்தி அறையும்போது இவங்க இதயத்துடிப்பு மாறுனதப் பாத்திருக்காங்க.

நம்ம சென்னை ஸ்டான்லில படிச்ச டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990கள்லயே இந்த வலிக்கு வெறும் கண்ணாடிய வச்சு வழி காட்டிட்டாரு. அதப் படிச்சுட்டுத்தான் அப்பாவோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு நீளக் கண்ணாடிய நிறுத்தி, வலது கால மெதுவா மடக்கி நீட்டி கண்ணாடிக்குள்ள பாக்கச் சொன்னேன், அதுல தெரியுற கால் எடுத்த இடது கால் மாதிரியே இருக்கும். மூணாவது நாள் "விரல் விரிஞ்சிருச்சும்மா"ன்னாரு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், அப்பாவுக்கே வலி முழுசா போகல, ஆனா ராத்திரி தூங்குறாரு.

2016ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, கை போயி, இதே மாதிரி வலி எந்த வைத்தியத்துக்கும் கேக்காத 14 பேருக்கு ஸ்கிரீன்ல கை இருக்குற மாதிரியே காட்டி அத அசைக்க வச்சதுல வலி பாதி வரைக்கும் கொறஞ்சிருக்கு. ஹெட்செட் எல்லா ஊருக்கும் வர்றப்ப வரட்டும். கால் எடுக்குற ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் பிசியோதெரபி ரூம்ல ஒரு கண்ணாடி வைங்க, டிஸ்சார்ஜ் பண்றப்ப இப்படி வலி வரும்னு வீட்டு ஆளுங்கள உக்கார வச்சு சொல்லுங்க. நீங்களும் இதப் பத்தி ஒரு முழுப்பக்கம் போடணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்