குளச்சல் போர்ப் பலகை எழுதுமுன்: ஒரு திறந்த மடல்

குமரி மாவட்ட நிர்வாகத்துக்கும், குளச்சல் வெற்றித்தூணையும் உதயகிரிக் கோட்டையையும் பராமரிக்கும் துறையினருக்கும்,

வணக்கம்.

ஆடி வந்தால், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்த குளச்சல் போரைப் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. "ஐரோப்பியரை முதன்முதலில் வென்ற ஆசிய மன்னர் மார்த்தாண்ட வர்மா" என்ற வரி மேடைதோறும் ஒலிக்கிறது. அது சரியல்ல. இதே டச்சுக் கம்பெனியின் சீலாந்தியா கோட்டையைத் தைவானில் 1662இலேயே சீனத் தளபதி கொக்சிங்கா பிடித்துவிட்டார். குளச்சலுக்கு இந்த இரவல் பெருமை வேண்டாம். இங்கே நடந்ததை அப்படியே தூணருகே வைக்கும் பலகையில் எழுதினாலே போதும்.

சண்டையின் வேர் மிளகு. 1729இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா வடக்கே ஒவ்வொரு சிற்றரசாகச் சேர்த்துக்கொண்டே போனார். அந்தச் சிற்றரசுகளோடு மிளகு ஒப்பந்தம் வைத்திருந்த டச்சுக்காரருக்கு வயிற்றில் புளி கரைந்தது. 1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் மன்னரை நேரில் சந்தித்தார். பேச்சு முறிந்தது. பிறகு இலங்கையிலிருந்து வந்த படை குளச்சலில் இறங்கியது. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம்தான் அவர்கள் குறி.

அவர்கள் தோற்றதில் ஆடிக் கடலுக்கும் பங்குண்டு. கப்பல் ஆழத்தில் நிற்கும். ஆளும் அரிசியும் மருந்தும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் அது என்ன பாடு என்பதைக் குளச்சல் மீனவரிடம் கேளுங்கள். சுற்றி வளைக்கப்பட்ட முகாமில் வெடிமருந்தும் தீப்பற்ற, சரணடைந்தார்கள். மன்னரின் ஆட்கள் பனந்தடியை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டினார்கள் என்பது வாய்மொழி. அதையும் பலகையில் எழுதுங்கள், வாய்மொழி என்றே குறித்து.

நாளைப் பற்றி ஒன்று. சிலர் ஜூலை 31 என்கிறார்கள், சிலர் ஆகஸ்ட் 10 என்கிறார்கள். பழைய, புதிய நாட்காட்டி வித்தியாசம் என்று சமாதானம் சொன்னால் கணக்கு உதைக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்த வித்தியாசம் 11 நாள், இங்கே இடைவெளி 10 நாள். இரண்டையும் போடுங்கள். 1741 ஆடி என்பதில் சிக்கலில்லை.

"அன்றோடு டச்சுக்காரர் ஓடினார்கள்" என்றும் எழுதாதீர்கள். மாவேலிக்கரை உடன்படிக்கை 1753இல்தான் வந்தது. கொச்சி அவர்கள் கையில் 1795 வரை இருந்தது. குளச்சல் முறித்தது அவர்களுடைய மிளகுப் பிடியை. டச்சுப் படையிலிருந்து பிடிபட்ட டிலனாய் திருவிதாங்கூரின் வலிய கப்பித்தான் (தலைமைத் தளபதி) ஆனதும், உதயகிரியில் பீரங்கி வார்க்கப்பட்டதும், வட்டக்கோட்டை கல்லில் எழுந்ததும் அதன் பின்விளைவுகள்.

உதயகிரிக் கோட்டைக்குள், கூரையில்லாத தேவாலயத்தில், 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். இந்த எழுத்துகள்தான் எங்கள் பெருங்கவலை. விரிசலில் சிமெண்ட் பூசவே கூடாது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் உப்பு கல்லின் ஓரத்தில் படிகமாகி முகத்தைப் பொரித்தெடுக்கும், எழுத்தும் சேர்ந்து உதிரும். ஆசிட் ஊற்றிப் பாசி எடுப்பதும் வேண்டாம். மென்மையான நார்த் தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும்.

பூச்சுக்குச் சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். பிறகு 1 பங்குக்கு 3 பங்கு ஆற்று மணல். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், தொடாதீர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைப்பது நம் கொத்தனார்களுக்குப் பழகிய முறை. பூசியபின் நனைத்த சாக்கு போட்டு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் விட்டால் மேற்பரப்பு வெடித்துவிடும்.

தூணருகே இரும்புச் சட்டப் பலகை வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறிப் பொரிந்துவிடும். கருங்கல்லில் ஆழமாக வெட்டுங்கள். தமிழ் முதலில் வரட்டும்.

கல்லறையில் கை வைக்குமுன், ஒரு பக்கமாக ஒளி விழும்படி விளக்கு வைத்து ஒவ்வொரு வரியையும் படம் எடுத்துவிடுங்கள். அளவுகோலும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
குமரி வரலாற்று ஆர்வலர்கள்