திரையிடல் குழுவுக்கு: அந்தக் கடைசிக் கட்டத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவருக்கும் குழந்தைகள் திரையிடல் குழுவினருக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை அரங்கில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். கார்ட்டூன் படத்தை முடிவுக்கு முன்பே நிறுத்திவிட்டீர்கள்; அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு உறுப்பினர்களுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில், "பார்வையாளர்களின் கருத்தை மதித்து" இனிமேலும் 'வாட்ஸ் ஓபரா, டாக்?' என்ற பக்ஸ் பன்னி முயல் கார்ட்டூனைத் "திருத்திய வடிவில்" மட்டுமே காட்டுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: படத்தை முழுதாகப் போடுங்கள். மொத்தமே ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற படம்.

கருத்துச் சீட்டுகளை வாசலில் ஒட்டி வைத்திருந்தீர்கள். நானும் நின்று படித்தேன். ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகம் என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். வாக்னர் போன்ற ஓபரா மேதையின் இசையை முயலை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர். மற்ற பக்ஸ் பன்னி படங்களில் இருக்கிற சிரிப்பு இதில் இல்லை என்று இன்னொருவர். அதில் நியாயம் உண்டு. அடிதடித் தமாஷ் இதில் குறைவுதான். கடைசியாக, முயல் சாவதைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு சீட்டு. இத்தனை கருத்துகளில் நீங்கள் மதித்தது அந்த ஒன்றைத்தான்.

கேலி என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. 1957இல் சக் ஜோன்ஸ் இயக்கிய இந்தப் படத்தில் இசை கேலிக்கு ஆளாகவே இல்லை. இசையமைப்பாளர் மில்ட் ஃப்ராங்க்லின் வாக்னரை அக்கறையோடு தொகுத்து, முழு வாத்தியக் குழுவை வைத்து வாசிக்க வைத்திருக்கிறார். தொடக்கப் புயலுக்கு 'பறக்கும் டச்சுக்காரன்', காதல் பாட்டுக்கு 'டான்ஹாய்சர்', வேட்டைக்காரன் எல்மர் ஃபட் முயல் வளைக்குள் ஈட்டியை விட்டுக் குத்தும்போது 'வால்கிரிகளின் சவாரி'. கிண்டலுக்கு ஆளாவது கொம்பு வைத்த தலைக்கவசமும், கொழுத்த குதிரையும், நான்கு இரவுகளில் பதினைந்து மணி நேரம் போல ஓடுகிற வாக்னரின் ஓபராக் கதையின் மிடுக்கும்தான். ஓபரா தெரியாத பிள்ளைகள் அந்த அரங்கில் எப்படிச் சிரித்தார்கள் என்று நீங்களும் பார்த்தீர்கள். முன்வரிசை முழுக்க 'கில் த வாபிட்' (முயலைக் கொல்லு) என்று எல்மரோடு சேர்ந்து பாடியதே, மறந்துவிட்டதா?

சரி, வெட்டிய இடத்துக்கு வருகிறேன். பெண் வேடம் போட்ட பக்ஸ் பன்னியின் தலைக்கவசம் உருண்டு விழுகிறது. காதலி என்று நம்பி ஆடிப் பாடிய எல்மருக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. மலை உச்சியில் நின்று புயலை அழைக்கிறான், சூறாவளியை அழைக்கிறான், நிலநடுக்கத்தை அழைக்கிறான், கடைசியில் தொண்டை கிழிய 'ஸ்மாக்!' என்று கத்துகிறான். இந்தப் படம் நம்முடைய இதே லாஸ் ஏஞ்சலஸில் உருவானது. அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்களின் கண்ணை எரிய வைத்த புகைமூட்டம்தான் அவனுடைய கடைசி ஆயுதம். உள்ளூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்காது. சரியாக அந்தக் கத்தலோடு படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று குழுவில் எத்தனை பேர் பார்த்தீர்களோ தெரியவில்லை. மின்னல் இறங்குகிறது. எல்மர் ஓடிப் போய்ப் பார்க்கிறான். முயல் அசையாமல் கிடக்கிறது; ஒடிந்த பூவிலிருந்து ஒரு துளி அதன் மேல் சொட்டுகிறது. காலமெல்லாம் இந்த முயலைக் கொல்லத் துரத்தியவன், ஜெயித்த அந்த நொடியில் உடைந்துபோகிறான். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அழுது, இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு ஒளியை நோக்கி நடக்கிறான். அப்போது பக்ஸ் பன்னி தலையைத் தூக்கி நம்மைப் பார்த்து, ஓபராவில் வேறென்ன எதிர்பார்த்தீர்கள், மகிழ்ச்சியான முடிவா என்று கேட்கிறது. சாகவில்லை! படத்திலேயே மிக மென்மையான இடம் அது. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று நீங்கள் எடுத்ததும் அதைத்தான்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயது. காரில் வீடு வரும்வரை "அப்புறம் முயல் என்னாச்சு சித்தி?" என்று நச்சரித்தாள். நான் சொன்ன முடிவை அவள் நம்பவில்லை. படத்தில் அப்படி வரவில்லையே என்றாள். அவள் பார்த்த கடைசிக் காட்சியில் ஒருவன் வெறி பிடித்துக் கத்துகிறான், அவ்வளவுதான். ராத்திரி அவளே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள்: "அவன் முயலைச் சுட்டுத் தின்னுட்டான்." வெட்டாத படத்தில் கொன்றவனின் கண்ணீர் இருக்கிறது, உயிரோடு இருக்கிற முயலும் இருக்கிறது. உங்கள் திருத்திய வடிவில் கொலைவெறி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மயான காண்டத்தில் அரிச்சந்திரன் சந்திரமதியை வெட்ட வாளை ஓங்கியதும் திரையை இழுத்துவிட்டு, "குழந்தைகள் இருக்கிறார்கள், அதனால்தான்" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது இது.

பயத்தைப் பற்றிப் பேசுகிற இதே சங்கத்தின் பொங்கல் மேடையில்தான், அட்டைக் கத்தியோடு ரத்தச் சாயம் பூசிக்கொண்டு எட்டு வயதுப் பையன்கள் கதாநாயக வசனம் பேசினார்கள். சுட்டிப் பெண்கள் எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள் என்பதை நான் சொல்லாமல் இருப்பதே மரியாதை. அதற்கெல்லாம் யாரும் சீட்டு எழுதவில்லை. பரிசுக் கோப்பை கொடுத்தோம். ஸ்பான்சர் நன்றியுரை இருபது நிமிடம் நீண்டபோதும் யாரும் எதையும் திருத்தவில்லை. ஒரு முயல் ஒரு நிமிடம் செத்ததுபோல் படுத்திருந்தால் மட்டும் நம் பண்பாட்டுக்கு ஆபத்து வந்துவிடுகிறது. மன்னிக்கவும், சொல்ல வந்தது இதுவல்ல.

ஜோன்ஸின் குழுவுக்கு ஒரு குறும்படத்துக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம். இதற்கு அது போதாமல் ஏழு வாரம் எடுத்துக்கொண்டு, கூடுதல் நாட்களை ஒரு ரோட் ரன்னர் கார்ட்டூனின் கணக்கில் எழுதிச் சமாளித்தார்கள். அப்படித் திருட்டுத்தனமாக நேரம் சேர்த்து எடுத்த படத்தை 1992இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். 1994இல் அனிமேஷன் துறையினர் ஆயிரம் பேரிடம் கேட்டுத் தொகுத்த ஐம்பது சிறந்த கார்ட்டூன்களில் இதற்குத்தான் முதல் இடம். இவர்களெல்லாம் முடிவோடு சேர்த்துத்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சீட்டு எழுதிய அந்தப் பெற்றோரின் கவலையை நான் அலட்சியமாகப் பேசவில்லை. கவலை உண்மையானது, அதற்கு நீங்கள் கண்ட வழிதான் தவறு. படம் தொடங்கும் முன் யாராவது ஒருவர் மேடையேறி, "முயலுக்கு ஒன்றும் ஆகாது, கடைசிவரை பாருங்கள்" என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல நானே வருகிறேன். வேண்டாம் என்கிற பெற்றோர் அந்த ஏழு நிமிடம் பிள்ளையை வெளியே வராந்தாவில் வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்காக மற்ற எல்லோருக்கும் பாதிப் படம் காட்டுவது நியாயமில்லை.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். அடுத்த மாதத் திரை நேரத்தில் அந்தப் படத்தை மறுபடியும் போடுங்கள், பக்ஸ் பன்னியின் கடைசிக் கேள்விவரை முழுதாகப் போடுங்கள். முடியாதென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் சண்டை இல்லை. வெட்டி மட்டும் காட்டாதீர்கள். உங்கள் முடிவை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். நாற்காலி போட வழக்கம்போல் முன்கூட்டியே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், ஒரு சித்தி