சதுரகிரி ஓடைக்கரையில் எங்களைத் தடுத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய வனத்துறை, தீயணைப்புத் துறைப் பணியாளர்களுக்கும், டோலி தூக்கும் அண்ணன்மார்களுக்கும், உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தாவுக்கும் வணக்கம்.

கடந்த ஐப்பசிப் பௌர்ணமியன்று செல்லூரிலிருந்து புறப்பட்டு, திருமங்கலம், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை வந்து, சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்க மலையேறிய ஐந்து நண்பர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். மலையில் இரவு தங்க அனுமதி இல்லை என்பதை அறிந்தே ஏறினோம். ஆனால் சந்தனமகாலிங்கம் சன்னிதியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டதாலும், இறங்கும் வழியில் நாவல் ஊற்றுக்குக் கீழே எங்களில் ஒருவன் கால் பிசகி விழுந்ததாலும் பொழுது சாய்ந்துவிட்டது. தாமதம் முழுக்க எங்கள் தவறுதான்.

சங்கிலிப்பாறைக்கு வந்தபோது, காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்தில் தூறல்கூட இல்லை. மேலே எங்கோ பெய்த மழை, பாறைச் சரிவுகளில் நிற்க இடமின்றி மொத்தமாக அங்கே வந்து சேர்ந்திருந்தது. கைகோத்துக் கடந்துவிடலாம் என்று நாங்கள் கால்சட்டையை மடித்துவிட்டபோது, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். காலையில் ஆபீசுக்குப் போக வேண்டும் என்று அவரிடம் குரலை உயர்த்திப் பேசியது வேறு யாருமில்லை, நான்தான். அவர் கோபப்படவில்லை. 2015 மே மாதத்தில் இதே மலையில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றதை நினைவூட்டி, "அன்னைக்கும் இப்படித்தான் தம்பி, அக்கரை பக்கத்துலதான் தெரிஞ்சுச்சு" என்றார். அதன்பின் அரைமணி நேரத்தில், நாங்கள் கால் வைக்க நினைத்திருந்த பாறையே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஐயா, அன்று பேசியதற்கு இந்த மடலின் வழியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களையும், எங்களைப் போலவே சிக்கியிருந்த இருபது பேரையும் இரட்டை லிங்கம் பக்கமாக மேட்டுக்கு அழைத்துச் சென்று, யானை நடமாடும் காடு என்பதால் யாரும் தனியே விலகிப் போகாதபடி விடியும்வரை டார்ச்சுடன் சுற்றிவந்தவர்களும் வனத்துறையினரே. பௌர்ணமி என்று பெயர்தான், நிலவை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. குளிரில் பல் கிட்டியபோது, தன் பேரனுக்கென்று தூக்குவாளியில் வைத்திருந்த புளிச்சோற்றை எங்கள் கையில் உருட்டி வைத்தார் அப்பத்தா. "எம் பேரன் வீட்டுல பசியாறிக்கிருவான், நீங்க தின்னுங்கய்யா" என்ற அவர், கால் வீங்கியவனுக்குத் தன் போர்வையையும் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் நீர் ஓரளவு இறங்கியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் இரு கரைகளுக்கும் கயிறு கட்டி, இடுப்பளவு நீரில் தாங்கள் நின்றபடி ஒவ்வொருவரையும் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள். கோயில் மதுரை மாவட்டத்தில், அடிவாரம் விருதுநகர் மாவட்டத்தில் என்றாலும், இது யார் எல்லை என்ற பேச்சு அங்கே எழவேயில்லை. நடக்க முடியாத நண்பனை நான்கு பேர் டோலியில் வைத்து, வழுக்குப்பாறையில் வெறுங்காலைப் பதித்துப் பதித்து அடிவாரம் கொண்டுவந்தார்கள். பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டு மூன்று வாரம் ஓய்வெடுத்தவன் இப்போது நடக்கிறான்.

அப்பத்தா, அன்று வண்டியேறும் அவசரத்தில் உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். உங்கள் தூக்குவாளியும் கட்டம் போட்ட போர்வையும் எங்களிடம்தான் இருக்கின்றன. போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறோம். அடுத்த பௌர்ணமிக்குக் காலையிலேயே தாணிப்பாறை வாசலில் அவற்றோடு காத்திருப்போம். அவரை அறிந்த உசிலம்பட்டிப் பக்கத்தார் யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
செல்லூர் நண்பர்கள் ஐவர்,
மதுரை.