அட்லாண்டா பக்கத்து ஜான்ஸ் கிரீக்குக்குக் குடிபோன ராஜிக்கு ஒரு சாப்பாட்டுக் கடிதம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, அம்மா ஊருக்குக் கிளம்புகிற சந்தடியில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. புது வீடு பிடித்திருக்கிறது, சின்னவனுக்கு பள்ளிக்கூடம் ஒத்துப்போய்விட்டது, உன் மாமியாருக்கு கோயில் பக்கத்திலேயே அமைந்துவிட்டது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில், வெளியே சாப்பிடப் போனால் ஒன்று நம்ம ஊர் பஃபே, இல்லையென்றால் எல்லா ஊரிலும் இருக்கிற அதே செயின் கடைகள், நியூயார்க்கை விட்டு வந்ததில் அது ஒன்றுதான் வருத்தம் என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

ராஜி, இந்த விஷயத்தில் நீ இப்போது இருக்கிற இடம் மன்ஹாட்டனை விட மேல். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நகரத்து நடுவில் கடை வைத்திருக்கிறவர் வாடகை கட்டவே தெருவில் போகிற அத்தனை பேரையும் உள்ளே இழுத்தாக வேண்டும், அதனால் காரம் குறையும், சர்க்கரை ஏறும், எலும்பில்லாத கோழித் துண்டு எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய பிளாசாவில், லாண்டரிக்கும் வருமான வரிக் கணக்குப் போடுகிறவருக்கும் நடுவே சின்னதாக ஓர் இடம் எடுத்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவருடைய ஊர்க்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் போதுமான அளவு இருந்தால் அவர்களுக்காகவே சமைத்துப் பிழைத்துக்கொள்வார். வாடகை குறைவாக இருக்க வேண்டும், சமைக்கிறவரின் சொந்த மக்கள் பக்கத்தில் குடியிருக்க வேண்டும், இந்த இரண்டும் சேர்கிற இடத்தைத்தான் நான் தேடுவேன். போர்டு, மேஜை விரிப்பு, விளக்கு எதையும் பார்ப்பதில்லை.

இங்கே வர்ஜீனியாவில் எங்கள் பக்கத்து ஈடன் சென்டர் என்ற வியட்நாமியக் கடை வளாகம் இதற்கு நல்ல சாட்சி. 1975இல் சைகோன் விழுந்த பிறகு வாஷிங்டன் பக்கம் வந்த வியட்நாமியர்கள் முதலில் ஆர்லிங்டனில் கிளாரண்டன் என்ற இடத்தில்தான் கடை போட்டார்கள். அப்போது அங்கே மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பழைய கடைக்காரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள், வாடகை மலிவு. 1979 கடைசியில் ஸ்டேஷன் திறந்தது, அப்புறம் வாடகை ஏற ஏற கடைகளும் ஒவ்வொன்றாக வெளியேறின. 1984இல் ஃபால்ஸ் சர்ச்சில் ஒரு பழைய ஷாப்பிங் பிளாசா ஈடன் சென்டராக மாறியது. இன்று அங்கே நூறுக்கு மேல் வியட்நாமியக் கடைகள், சைகோனின் பென் தான் சந்தையில் இருப்பது மாதிரியே ஒரு மணிக்கூண்டு, அமெரிக்கக் கொடிக்குப் பக்கத்தில் பழைய தென் வியட்நாமின் மஞ்சள் கொடி. சனி ஞாயிறில் பார்க்கிங் கிடைக்காது. ஒரு கடையில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப், ஒரு கடையில் உடைத்த அரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும், ஒரு கடையில் பான் மீ என்ற சாண்ட்விச், ஒரு கடையில் கரும்புச் சாறு என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் நன்றாகச் செய்கிறவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். நகரத்து நடுவில் அந்த வாடகைக்கு ஒரே ஒரு சூப்பை நம்பிக் கடை திறக்க யாருக்குத் துணிச்சல் வரும், சொல்லு.

இது வர்ஜீனியாவின் அதிசயம் ஒன்றும் இல்லை. 1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய பிறகு வந்தவர்களில் நிறைய பேர், நம்மைப் போலவே, நகரத்தில் கால் வைக்காமல் நேராகப் புறநகருக்குத்தான் போனார்கள். வேலை அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, மலிவான அபார்ட்மென்ட் அங்கே. சாப்பாடும் கூடவே போனது.

சரி, உன் ஊருக்கு வருகிறேன். பியூஃபர்ட் ஹைவே என்று ஒரு சாலை இருக்கிறதே, உன் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம், சாம்ப்லி, டோராவில் வழியாகப் போகும். நீ அதை விமான நிலையத்துக்குப் போகும்போது கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டாய், பார்த்திருந்தாலும் நிறுத்தத் தோன்றியிருக்காது, ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுமே இல்லை, அகலமான சாலை, இரண்டு பக்கமும் டயர் கடை, பழைய பிளாசாக்கள். அங்கே இருந்த அபார்ட்மென்ட்கள் ஒரு காலத்தில் வேலைக்குப் போகிற இளைஞர்களுக்காகக் கட்டியவை. அவர்கள் இன்னும் வெளியே நகர்ந்ததும் வாடகை இறங்கியது, வியட்நாமியர், சீனர், கொரியர், மெக்சிகோக்காரர் எல்லாரும் வந்தார்கள். 1996 ஒலிம்பிக்ஸுக்கு அட்லாண்டாவில் நடந்த கட்டட வேலைக்கு வந்த லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் பலர் அந்தப் பக்கமே குடியிருந்துவிட்டார்கள். இன்று தென்கிழக்கு அமெரிக்காவிலேயே இப்படி ஒரு சாப்பாட்டுச் சாலை வேறு இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஒன்று மட்டும், பிளாசாவுக்குப் பிளாசா காரிலேயே போ. அங்கே நடைபாதை சரியாக இல்லாத இடங்கள் நிறைய, சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தவர்கள் பலர். பஸ்ஸுக்கு நடந்து போகிற அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம் என்றால் டுலூத் இருக்கிறது, உனக்கு ரொம்பப் பக்கம். அது இருக்கிற க்வினெட் கவுன்டியில் கொரியர்கள் அவ்வளவு பேர். ஹெச் மார்ட் என்ற கொரிய மளிகைக் கடைக்கு காய்கறி வாங்கத்தானே போகிறாய், அங்கேயே ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார். என் முதல் விதியே இதுதான், ஒரு ஊரின் சாப்பாடு வேண்டுமென்றால் முதலில் அந்த ஊர் மளிகைக் கடையைத் தேடு. மளிகைக் கடை பொய் சொல்லாது, சுற்றி அந்த மக்கள் இல்லாவிட்டால் அது மூன்று மாதம் கூட ஓடாது. கடைக்குப் பின்னால் அடுப்பு இருந்தால் அங்கேயே சாப்பிடு, இல்லாவிட்டால் கல்லாவில் இருக்கிற அம்மாவிடம் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேள். மெக்சிகோக்காரர்களின் இறைச்சிக் கடைகள் பலவற்றில் உள்ளே ஒரு மூலையில் டாக்கோ போடுவார்கள், கறி வெட்டுகிறவர்கள் கையாலேயே.

நேரமும் முக்கியம். எங்கள் பக்கம் பொலிவியக்காரர்கள் நிறைய, அமெரிக்காவிலேயே பெரிய பொலிவியக் கூட்டம் இங்கேதான், பெரும்பாலானவர்கள் கோசபாம்பா பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய சால்தேன்யா காலைப் பலகாரம். மாவுக்குள் கறியும் குழம்பும் வைத்துச் சுட்டது, குழம்பைக் குளிர வைத்துக் கெட்டியாக்கி உள்ளே அடைப்பார்கள், அடுப்பில் அது உருகிவிடும். மேலே லேசாகக் கடித்து முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் சட்டையெல்லாம் குழம்பு. மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றால் அநேகமாகத் தீர்ந்திருக்கும், மிச்சம் இருந்தாலும் ஆறியிருக்கும். அதே மாதிரி கொரியக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட நேரத்தில் போ. கூட்டம் நெரியும், ஆனால் பாட்டி, தாத்தா, பேரன் என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதையே கேட்கலாம். நான் பெரும்பாலும் ஆர்டர் செய்வது அப்படித்தான். பக்கத்து மேஜையில் எது அதிகமாக இருக்கிறதோ அது.

இணையத்தில் கடைகளுக்குப் போடுகிற நட்சத்திரங்களை நம்பாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் எண்ணைப் பார்க்காமல் புகாரைப் படி. ஆட்டுக்கறியில் எலும்பு ஜாஸ்தி, காரம் தாங்கவில்லை, பரிமாறுகிறவர் சிரிக்கவில்லை, மெனு புரியவில்லை என்று நாலு பேர் அழுதிருந்தால் நான் அன்று சாயங்காலமே கிளம்பிவிடுவேன். எண்ணெய் காறல், மீன் நாற்றம், சோறு பழசு என்றிருந்தால் போக மாட்டேன். இந்த இரண்டு வகைப் புகாரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடுவதால்தான் அருமையான கடைகள் மூன்றரை நட்சத்திரத்தில் கிடக்கின்றன. சுத்தத்தைப் பற்றிக் கவலை என்றால் உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது, சுகாதார ஆய்வின் மதிப்பெண்ணை ஏ, பி, சி, யூ (தேறாதது) என்ற எழுத்தோடு கடையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டியாக வேண்டும். நாற்காலி கிழிந்திருப்பதை வைத்து சமையலறையை எடைபோடுவதை விட அதைப் படிப்பது மேல்.

இனி உன் மாமியார் விஷயம். சுத்த சைவம் என்றால் வெளியே எங்கேயும் போக முடியாது என்று நீ நினைப்பது சரியில்லை. எத்தியோப்பியக் கடைக்கு அழைத்துப் போ. அவர்களில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன்னால் நீண்ட விரதம், அந்த நாட்களில் கறி, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. அதனால் நான் போன எத்தியோப்பியக் கடை எதிலும் விரதச் சாப்பாடு இல்லாமல் இருந்ததில்லை. இஞ்சேரா நம்ம புளித்த தோசையின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், அதன் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், ஷீரோ என்று கடலை மாவுக் குழம்பு. விரதச் சாப்பாடு என்று சொல்லிக் கேள், இல்லாவிட்டால் தாளித்த வெண்ணெய் சேர்ப்பார்கள், அது அவருக்குப் பரவாயில்லை என்றால் இன்னும் நல்லது. எங்கள் அம்மாவை இங்கே பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸ் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனேன், கையால் சாப்பிடலாம் என்றதுமே அவருக்குப் பாதி வெட்கம் போய்விட்டது, ஷீரோவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். உனக்கு கிளார்க்ஸ்டன் பக்கம் போனால் இது கிடைக்கும். 1980களிலிருந்து அகதிகளைக் குடியமர்த்திய ஊர் அது, எத்தியோப்பியர், சோமாலியர், பூட்டானிலிருந்து வந்த நேபாளிகள், பர்மியர் என்று ஒரு சதுர மைலுக்குள் அத்தனை பேர். நேபாளிகள் கடையில் மோமோ என்கிற கொழுக்கட்டை சைவத்தில் கிடைத்தால் சின்னவன் பீட்சாவைக் கொஞ்ச நாள் மறப்பான்.

மற்ற இடங்களில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மெக்சிகோ, எல் சால்வடோர் கடைகளில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், மான்தேக்கா, அதாவது அந்தக் கொழுப்பு, இருக்கிறதா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். வியட்நாமியக் கடையில் காய்கறி உணவு என்று எழுதியிருந்தாலும் மீன் சாஸ் இருக்கும், சாய் என்ற சொல் மெனுவில் இருந்தால்தான் அது பௌத்தர்களின் சைவம். கொரியர்களின் ஊறுகாயான கிம்ச்சியிலும் பெரும்பாலும் இறால் அல்லது மீன் சாஸ் உண்டு. மாமியாரிடம் சொல்லாமல் கொடுத்துவிடாதே.

இன்னொன்று, இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். இந்தக் கடைகள் மலிவாக இருந்தே தீர வேண்டும் என்று நம் ஆட்களே எதிர்பார்க்கிறார்கள். ஒரு தட்டு பாஸ்தாவுக்கு கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்த ஃபோ ஒரு டாலர் ஏறினால் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சமையலறையில் கணவனும் மனைவியும் லீவே இல்லாமல் நிற்கிறார்கள், பிள்ளை கல்லாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. குறைத்துக் கொடுக்காதே, டிப்ஸ் ரொக்கமாக வை, பிடித்திருந்தால் அடுத்த வாரமும் போ. கிளாரண்டனில் நடந்தது எங்கும் நடக்கலாம். ஈடன் சென்டர் இருக்கிற பகுதிக்கு நகராட்சி மறுவளர்ச்சித் திட்டம் போட்டபோது வியட்நாமிய இளைஞர்கள் ஒன்றுகூடி கடைக்காரர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள், அப்பா அம்மா தலைமுறை கட்டியது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். உன் பக்கமும் டோராவிலில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2008இல் மூடிய பிறகு அந்த நிலத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுற்றி நிலம் விலை ஏறினால் பழைய பிளாசாக்கள் எவ்வளவு நாள் தாங்கும்? அதனால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே, இந்த மாதமே தொடங்கு.

எங்கள் வீட்டில் எல்லாரும் நலம். பெரியவள் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள், அவள் அட்லாண்டாவில் இருக்கிற ஜார்ஜியா டெக் என்கிறாள், உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்தால் எனக்கும் நிம்மதிதான். இவருக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. அம்மா உனக்கு வடகம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், தபாலில் அனுப்பினால் நொறுங்கிவிடும், நேரில்தான் தர வேண்டும்.

தேங்க்ஸ்கிவிங் லீவில் கல்லூரியைப் பார்க்கிற சாக்கில் அங்கே வருகிறோம். அதற்குள் நீ டுலூத்தில் ஒன்று, பியூஃபர்ட் ஹைவேயில் குறைந்தது இரண்டு கடை பார்த்து வைத்திரு, கிளார்க்ஸ்டனுக்கு நாம் சேர்ந்தே போகலாம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. எந்தக் கடையில் என்ன சாப்பிட்டாய் என்று விவரமாக எழுது, நன்றாக இல்லாவிட்டால் அதையும் எழுது.

அன்புடன்,
கலா