அன்னபேதி கரைத்து ஊற்றினால் முடிந்துவிடுமா?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை விட்டுப்போன கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். மழைக்கு மஞ்சள் தண்ணீர் கசிந்து பழகிவிட்ட ஊர் இது. 2006-ல் உலகின் மோசமான 10 மாசுத் தலங்களின் பட்டியலிலும் இடம்பிடித்தோம், என்ன பெருமையோ!

அள்ளிக்கொண்டு போய் வேறெங்காவது கொட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தனையையும் லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் புழுதி பறக்கும், இந்தக் கழிவிலுள்ள அறுகுரோமியம் (ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம்) புற்றுநோயைத் தருவதே முக்கியமாக மூச்சுக்குள் போகும் அந்தப் புழுதியால்தான், அப்புறம் போய்ச் சேரும் ஊர்க்காரர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? இருக்கிற இடத்திலேயே கட்டிப்போடுவதுதான் சரி.

வழி இருக்கிறது. அறுகுரோமியம் நீரில் கரைந்து ஓடும்; மூன்று இணைதிறன் குரோமியம் எளிதில் கரையாமல் மண்ணோடு தங்கிவிடும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற இரும்பு சல்பேட் போதும், நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறதே அன்னபேதி, அதேதான்.

ஆனால் அங்கேதான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். அமெரிக்காவின் நியூஜெர்சியில் இதே மாதிரி குரோமேட் கழிவைப் பள்ளம் நிரப்பும் மண்ணாகப் போட்டுவிட்டு, பிறகு சுவர்களில் மஞ்சள் படிகம் பூத்ததையும் தரை வீங்கி எழும்பியதையும் பார்த்தார்கள். தாதுவைச் சுண்ணாம்பு சேர்த்து வறுத்தபின் மிஞ்சும் கழிவில் குரோமியத்தின் ஒரு பகுதி துகளுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். வெளியே இருப்பதை மட்டும் அன்னபேதி மாற்றும், உள்ளே இருப்பது வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். போதாததற்கு அன்னபேதியிலுள்ள சல்பேட் சுண்ணாம்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து புதுப் படிகமாகி மண்ணையே உப்பவைக்கும். நம் குவியலில் சுண்ணாம்பு எவ்வளவு, துகளுக்குள் எவ்வளவு குரோமியம்? ஆழத்துக்கு ஒன்றாக மாதிரி எடுத்து, பொடித்தும் பொடிக்காமலும், மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்து, அந்த எண்களை அப்படியே வெளியிடுங்கள். ஒருநாள் சோதனையில் தேறியதைக் காட்டி மேலே செம்மண் போட்டு மூடினால் நாங்கள் நம்பமாட்டோம்.

வேலை முடிந்த பிறகும் பாலாற்றுப் பக்கம் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கட்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் தர அளவு. ஒவ்வொரு கிணற்று நீரிலும் கண்ட குரோமிய அளவை இந்தத் தர அளவின் பக்கத்தில் எழுதி மழைக்கு முன்னும் பின்னும் தமிழில் ஒட்டுங்கள், கிணற்றடியிலேயே.