சொக்குவுக்கு

சிவமயம்

சிரஞ்சீவி சொக்குவுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு நலம். போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. முகப்பில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் எல்லாரையும் விசாரிக்கிறார்கள்.

போன ஞாயிறு பல்வலி என்றாய். அப்புறம் பேச்சே இல்லை. பல் டாக்டரிடம் போனால், காலில் டைட்டானியம் மூட்டு இருப்பதை முதலில் சொல். பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய் அதில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. காய்ச்சல் அடித்தாலும், முட்டி சூடாக இருந்தாலும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதே. இந்த வருஷத்து நெஞ்சுப் படம் எடுத்தாயா? சரி, கேட்கவில்லை.

2017இல், புற்றுநோய்க் கட்டியோடு தொடை எலும்பில் 16 சென்டிமீட்டர் எடுத்துவிட்டு மூட்டு வைத்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்ன ராத்திரி, கண்டாங்கிச் சேலைக் கரைமேல் கையை விரித்து அளந்து பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலமாக இருந்தால் காலையே எடுத்திருப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலும் கீமோ, பின்னாலும் கீமோ. சிவப்பு மருந்து ஏறி ஒன்றுக்குச் சிவப்பாகப் போனபோது, "பீட்ரூட் சாப்பிட்டேன்" என்று நர்ஸைச் சிரிக்க வைத்த பிள்ளை நீ. பிள்ளையார் நோன்பில் நாற்காலியில் உட்கார்ந்து இழை எடுத்ததை நாலு பேர் பார்த்தார்கள் என்று இரண்டு வருஷமாக ஊருக்கே வராமல் இருக்கிறாய். எனக்கும்தான் முட்டி மடங்கவில்லை. நானும் நாற்காலி போட்டுக்கொள்கிறேன், வா.

நாற்காலிதான் காரணமா, இல்லை நானா? பந்து விளையாடி வந்த வீக்கம் என்று இரண்டு மாதம் எண்ணெய் காய்ச்சி உருவினேன். ராத்திரியில்தான் வலிக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். எக்ஸ்ரே எடுப்போம் என்று அப்பச்சி சொன்னதற்கு, தைப்பூசம் போகட்டும் என்றேன். வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக்கொண்டு என் கையைத் தள்ளினாய். ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்று இன்னும் அழுத்தினேன்.

கட்டியை உருவவே கூடாது, யார் செய்தது என்று டாக்டர் கேட்டபோது வைத்தியர் என்றேன். நாம் எந்த வைத்தியரிடம் போனோம்? நீ கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்பச்சிக்குக்கூட இது தெரியாது. இப்போது சொல்லப்போகிறேன்.

பல் டாக்டரிடம் மூட்டு இருப்பதைச் சொல். சீப்புச் சீடை கேட்டாயே, அது இப்போது உன் பல்லுக்கு ஆகாது. மாவுருண்டை அனுப்புகிறேன்.

ஆத்தா